கருநீல வண்டியின் பழைய சொந்தக்காரர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு காலை. ஜேடர்பாளையத்தில், காவிரித் தடுப்பணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது இது.

நான் கால்நடை மருத்துவர். வீடு நாமக்கல்லில். கோழிப் பண்ணைகளுக்குப் போய் வருவதுதான் என் வேலை. அதற்கு நான் வைத்திருந்த கார்தான் எல்லோருக்கும் சிரிப்பு. கருநீல நிறம். தரையோடு தரையாகத் தாழ்ந்து நீண்ட உடம்பு. மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்துகிற எஞ்சின். பெரிய கம்பெனி அதிகாரிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிற ரகம். நான் அதில் கோழி எரு வாசனையோடு போய்க்கொண்டிருந்தேன்.

சேலத்தில் பழைய கார் விற்கிற இடத்தில் அதைப் பார்த்தேன். உயரமான வண்டியாகப் பார் என்று என் கணவர் சொன்னார். மண் பாதையில் போகிறவளுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். வாழ்க்கையில் எல்லாவற்றையும் சரியாகவே செய்து வந்தவளுக்கு ஒன்றையாவது ஆசைக்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் வயிறு உரசும்போது என் வயிறே உரசுவது போல இருக்கும். பண்ணை வாசலில் சக்கரங்களை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஏற்றித்தான் உள்ளே விடுவார்கள். என் வண்டி அதில் இறங்குகிற அழகைப் பார்க்க வேலை செய்கிறவர்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். என் மாமியார் ஏறும்போதெல்லாம், “கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி இருக்குது சாமி” என்பார். மைலேஜ் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஆனால் வேலை முடிந்து தனியாகத் திரும்புகிற சில காலை வேளைகள் உண்டு. சாலை காலியாக இருக்கும். தூரத்தில் கொல்லிமலை நீலமாகக் கரைந்து நிற்கும். வண்டி ஓடுகிறதா, நிலம் தானாகப் பின்னால் நழுவுகிறதா என்று தெரியாது. அந்த வேளைகளுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

அதன் சத்தம் தனி. முன்பு வைத்திருந்தவர் சைலன்சரை மாற்றியிருக்கிறார் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். யாரோ அடித்தொண்டையில் முனகிப் பாடுவது போல இருக்கும்.

அன்று ஜேடர்பாளையம் பக்கம் ஒரு பண்ணையில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடிக்கலாம் என்று வண்டியைக் கடைக்கு எதிரே நிறுத்தினேன். பனி இன்னும் விலகவில்லை. ஆறு எங்கே முடிகிறது, பனி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வெள்ளை. தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடை பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் எஞ்சினை நிறுத்தியதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். வண்டி இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, அசையாமல் நின்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். அவர் ஏதோ சொன்னார். அந்த அம்மா எட்டி என் வண்டியின் நம்பரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, இது சேலத்துல வாங்குன வண்டிங்களா?”

“ஆமாங்க.”

“இது எங்கூட்டுக்காரரு வெச்சிருந்ததுங்க. சத்தத்தை வெச்சே சொல்லிட்டாருங்க. அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. ஒரு நிமிசம் உள்ள உக்காந்து பாத்துக்கட்டுங்களா?”

நான் டீயை மறந்தே போனேன். அவரைக் கூட்டி வந்து கதவைத் திறந்துவிட்டேன். ஓட்டுகிறவர் இருக்கையில் அவரே சரிந்து உட்கார்ந்தார். குனிய வேண்டிய இடத்தில் சரியாகக் குனிந்தார். அவர் கை இருக்கைக்கு அடியில் இருக்கும் பொத்தானைத் தேடாமல் தொட்டது. இருக்கை பின்னால் நகர்ந்தது. பிறகு இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தன.

“தோலு கொஞ்சம் தேஞ்சிருச்சுங்களே. நல்லா ஓட்டறீங்கன்னு அர்த்தம்” என்றார்.

நான் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுக் கொடுத்தேன். கியரைத் தொட்டுவிடுவாரோ என்று என் கை அங்கேயே நின்றது. அவருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. “பயப்படாதீங்க, நவுத்த மாட்டேன்” என்று சிரித்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மெதுவாகச் சொன்னார். அவருக்கு ரிக் வண்டித் தொழில். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. கை நிறைய வேலை இருந்த நாளில், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்தக் கார் ஒன்றுதான். வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே இருட்டினால் பார்வை மங்க ஆரம்பித்தது. பிறகு ஓரங்கள் போயின. ஒரு குழாய்க்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பது போல ஆனது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறமும் பகலில் ஓட்டினார். ஒரு நாள் திருச்செங்கோட்டுச் சாலையில், சைக்கிளில் வந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதே தெரியாமல் வண்டியை ஒடித்துவிட்டார். அந்த மனிதர் குதித்துத் தப்பித்தார். அன்றே சாவியை எடுத்துக் கொடுத்து, விற்றுவிடச் சொல்லிவிட்டார்.

“இப்ப வெளிச்சம், நெழலு. அது ரெண்டுந்தாங்க தெரியுது. அதுவும் போயிரும்னு நேத்து டாக்டருங்க சொல்லிட்டாங்க. அதான் தண்ணி மேல வெயிலு அடிக்கறதைப் பாத்துக்கட்டும்னு இவ பஸ்ஸுல இழுத்துட்டு வந்துட்டா.”

வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, அப்போதுதான் குரல் எழுப்பினார். “வண்டிய வித்ததுல இருந்து வாசப்படி தாண்டறதில்லைங்க. டிரைவர் வெச்சுக்கலாம்னாலும் ஆவாது. வேற ஒருத்தன் ஓட்டி நான் உக்காந்து வாரதான்னு ஒரே சண்டை.”

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் சொன்னார். “நான் ஓட்டப் பழகிட்டனுங்க. லைசென்சும் வாங்கிட்டேன். உங்ககிட்ட கோயிலுக்குப் போறன்னு சொல்லிட்டுப் போனதெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்குத்தானுங்க.”

அவர் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை. கோபம்கூட இல்லை. அடிபட்ட மாதிரி ஒரு முகம்.

“எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா?”

“சொன்னா வேண்டாம்பீங்க.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. எனக்கு அங்கே இருக்கவே கூச்சமாக இருந்தது. இறங்கிப் போய்விடலாம் என்று கதவில் கை வைத்தேன். அந்த அம்மா, “நீங்க ஒத்துக்கிட்டா, இந்த வாய்க்கா ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டட்டுங்களா?” என்று என்னிடம் கேட்டுவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். என் கணவருக்கே நான் மனதார அந்தச் சாவியைக் கொடுத்தது கிடையாது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர். முன்பின் பழக்கமில்லாதவர். கரும்பு டிராக்டர்கள் குறுக்கே வருகிற சாலை. எல்லாம் மனதில் ஓடியது. ஓடி முடிவதற்குள் “ஓட்டுங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஆனால் அவருடைய கணவர் இன்னும் ஓட்டுகிறவர் இருக்கையில்தான் இருந்தார். பனிக்குள் எங்கோ ஒரு பரிசல்காரர் யாரையோ கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். இருக்கையில் இருந்தவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவினார். பிறகு கதவை முழுதாகத் தள்ளித் திறந்து, தானே இறங்கினார்.

“நீ ஏறு அம்மிணி.”

வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் இடத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன்.

“கிளட்ச்சு எங்கீங்க?” என்று அந்த அம்மா காலால் துழாவினார். நான் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். “இது ஆட்டோமேட்டிக்கு, கிளட்ச்சு இல்ல. இடது காலை மறந்துரு. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கட்டும்.”

வண்டி ஒரு குதி குதித்து நின்றது. இன்னொரு குதி. பிறகு நகர்ந்தது.

வாய்க்கால் ஓரமாகப் பரமத்தி வேலூர்ப் பக்கம் போகும் சாலை அது. ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். வாழை இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. வண்டி மாட்டு வண்டி வேகத்தில்தான் போனது. அந்த அம்மாவின் தோள்கள் காது வரை ஏறியிருந்தன. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பனியைப் பிளந்துகொண்டு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டிராக்டர் போய்விட்டிருந்தது. கரும்புத் தோகை ஒன்று ஜன்னலை உரசிவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

“முன்னால வேகத்தடைங்க.”

“நேரா ஏத்தாத. குறுக்கால சாய்ச்சு ஏத்து. ஒவ்வொரு சக்கரமா எறங்கட்டும்.”

ஒவ்வொரு சக்கரமாக இறங்கியது. வயிறு உரசவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

கொடிக்கால் முடிந்ததும் இரண்டு பக்கமும் தென்னைகள் வரிசையாக வந்தன. சாலை நேராக நீண்டது. அந்த நேரத்தில் பனிக்கு மேலே சூரியன் ஏறிவிட்டிருந்தது. வெயில் மரங்களுக்கு இடையில் புகுந்து சாலையில் பட்டை பட்டையாக விழுந்தது.

“ஆளுக இருக்காங்களா?”

“யாருமில்லைங்க. காலியா இருக்குது.”

“அப்ப மிதி.”

அந்த அம்மா மிதித்தார். எஞ்சின் குரல் அடியிலிருந்து ஏறியது. என் முதுகு இருக்கையில் புதைந்தது. அந்த அம்மா “ஐயோ” என்று கத்தினார், ஆனால் காலை எடுக்கவில்லை. முன்னால், பக்கத்து இருக்கையில் அவர் கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தென்னையின் நிழல் அவர் முகத்தில் விழுந்தது, வெயில் விழுந்தது, மறுபடி நிழல். முதலில் அவர் உதடுகள் மட்டும்தான் அசைந்தன. பிறகு எனக்குக் கேட்டது.

“வெளிச்சம்… நெழலு… வெளிச்சம்… நெழலு…”

வண்டி வேகம் எடுக்க எடுக்க அவருக்குச் சொல்லி மாளவில்லை. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கடைசியில் சொல்வதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. “போதுமுங்களா? நிறுத்தட்டுங்களா?” என்று அந்த அம்மா அழுகையும் சிரிப்புமாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். “நிறுத்தாத அம்மிணி, எனக்கு ரோடு தெரியுது” என்றார் அவர்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சாலை அதற்குப் பிறகு எப்படிப் போனது என்று நினைவில்லை. பனி, வெயில், அவர்கள் இரண்டு பேரின் தலைகள். அந்த வண்டி எங்கேயும் நிற்காமல் அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. எங்கே போகிறோம் என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி டீக்கடைக்கு வந்தபோது பனி முழுக்க விலகியிருந்தது. காவிரி மேல் வெயில் நொறுங்கிக் கிடந்தது. அவர் இறங்கி அந்தப் பக்கம் பார்த்து, “ஆமா, மினுக்குது” என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, “இந்த வண்டிய நீங்களே திருப்பி எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். வீட்டில் என்ன சொல்வேன் என்றுகூட யோசிக்கவில்லை.

“வேண்டாமுங்க” என்றார். “உங்ககிட்ட நல்லா இருக்குது. இவ ஓட்டறதுக்கு ஒரு சின்ன வண்டி பாத்துக்கறோம். இத மாதிரி மெரண்டு ஓடறது இவளுக்கு ஆவாது.”

“ஆவாதா? யாரு சொன்னது?” என்று அந்த அம்மா சண்டைக்கு வந்தார். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

சில மாதம் கழித்து, அன்று வாங்கிப் போன என் நம்பரில் அந்த அம்மா போன் செய்தார். சின்ன வண்டி ஒன்று வாங்கிவிட்டார்கள். ஏற்காடு மலைக்குப் போய் வந்தார்களாம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் திட்டிக்கொண்டே வந்தாராம். “வெளிச்சமும் போயிருச்சுங்க அவருக்கு” என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, “ஆனா வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, எனக்கு முன்னால செருப்பப் போட்டுக்கிட்டு நிக்கறாருங்க” என்றார்.

அந்தக் கருநீல வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனையோ காலைகளில் தனியாக ஓட்டியிருக்கிறேன், வேகமாகவும் போயிருக்கிறேன். ஆனாலும் அதில் நான் மிகத் தொலைவு போனது, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்து போன அந்தக் கொஞ்ச தூரம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.