பங்காரு நின்ற இரண்டு நிமிஷம்

நகரியில் இப்போதெல்லாம் கரண்ட் அதிகம் போவதில்லை. எப்போதாவது போய், தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கும்போது எனக்குத் தாட்சாயணியம்மாவின் நினைவு வரும். கூடவே பங்காருவும் வந்து நிற்கும்.

தாட்சாயணியம்மாவும் அவர் கணவர் கோவர்த்தனனும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நான்கு தறி ஓட்டியவர்கள். 2015 ஆகஸ்டில் அந்த அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடது முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். புத்தூரில் கட்டு. மூன்றாவது கட்டுக்குப் போனபோது வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாகாலா ஜட்கா வண்டிக்காரர் பாலையா. அவருக்குக் காலில் கட்டு. ஆறு மாத மட்டக்குதிரைக் குட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, பார்க்க ஆளில்லை என்று அவர் புலம்ப, இந்த அம்மா “நான் பாத்துக்கறேன், அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை குட்டி மினி லாரியில் வந்து இறங்கியது.

“கட்ட அவுத்துக்கினு வருவன்னு பாத்தா, குதிரைய கட்டிக்கினு வந்து நிக்கிறியே!” என்றார் கோவர்த்தனன்.

வெளுத்த தேன் நிறம். பங்காரு என்று பெயர் வைத்தவர் பாலையா, தெலுங்கில் தங்கம். பிறகு அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை, குட்டி இவர்களுடையதாகிவிட்டது. புத்தூர் கால்நடை மருத்துவமனையில் உதவியாளனாக முப்பத்தொரு வருஷம் இருந்த நான், ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் அதற்குத் தடுப்பூசி போட்டேன். பிறகு கால்நடைக் கண்காட்சிகளில் உயரம் அளக்கவும் நேரம் பார்க்கவும் என்னைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் இந்தக் கதையில் நானும் இருக்கிறேன்.

கண்காட்சியில் மட்டக்குதிரைக்கு ஒரே கடினமான விதி: கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு உடையவர் இரண்டடி விலகி நிற்க வேண்டும், குதிரை இரண்டு நிமிஷம் கால் பெயராமல் நிற்க வேண்டும். தாட்சாயணியம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தறிக்கொட்டகை வாசலில் பங்காருவை நிறுத்துவார். உள்ளே தறியில் நூல் கோத்த நாடா போய் வந்துகொண்டிருக்கும், கண் வாசலில் இருக்கும். அசைந்தால் “ஆகு!” என்று, நில் என்பதைத் தெலுங்கில் ஒரு அதட்டல். கரண்ட் போனால் வெளியே வந்து முதுகில் தட்டி, ஒரு துண்டு வெல்லம் கொடுத்து அவிழ்த்து விடுவார். நான்கு மாதத்தில் அது பத்து நிமிஷம்கூட அசையாமல் நின்றது. நான் கடிகாரத்தோடு பார்த்தேன்.

2018 ஜனவரி 18, வியாழன். கங்காதர நெல்லூர் பக்கத்தில் சங்கராந்திக் கண்காட்சி. உயரம் 112 சென்டிமீட்டர். மேளம் முழங்க பங்காரு சிலையாக நின்றது. தீர்ப்பு சொல்ல வந்த டாக்டர் கையைத் தூக்கினார், மேளம் நின்றது. நாற்பத்தொன்றாவது விநாடி. பங்காரு நிதானமாக நடந்து போய் தாட்சாயணியம்மாவின் புடவை முந்தானையில் மூக்கை நுழைத்து வெல்லம் தேடியது. மைதானமே சிரித்தது.

“ஊரே சிரிச்சிப் போச்சு,” என்றார் கோவர்த்தனன். “திருப்பதில கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வுடற ஹரிபிரசாத் கேட்டுக்கினே கீறாரு. அவருக்கே குடுத்துடலாம். அந்த எடத்துல ரெண்டு தறி போடலாம்.”

“இன்னொரு வாட்டி பாக்கலாங்க.”

“சரி, மார்ச்சுல திருப்பதிக் கண்காட்சி. அதுலயும் நிக்கலன்னா அங்கயே புடிச்சிக் குடுத்துடுவேன். அப்பறம் அழுதுக்கினு நிக்காத.”

திரும்பும் மினி லாரியில் நானும் அவர்களோடு வந்தேன். ரயில் கேட்டில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். அதுவரை அசையாமல் வந்த பங்காரு உடனே திரும்பி இறங்கப் பார்த்தது. தாட்சாயணியம்மா அதையே பார்த்தார்.

“சார், சத்தம் அடங்கினா இது கௌம்புது. கரண்ட் போனா அவுத்து அவுத்து நான்தான் பழக்கிட்டேன். அது மேல தப்பு இல்ல சார்.”

இனி அமைதியில் நிற்கப் பழக்க வேண்டும். ஆனால் நகரியில் அமைதி ஏது? கரண்ட் போனால்தான் உண்டு. கரண்ட் போகிற நேரம்தான் நெசவு வீடுகளில் சாப்பாட்டு நேரமும். திருப்பதிக் கண்காட்சிவரை இருந்த ஐம்பத்திரண்டு நாளும் தறி நின்றதும் மற்றவர்கள் தட்டைப் போட்டு உட்கார, தாட்சாயணியம்மா பங்காருவை நிறுத்தி வைக்க வாசலுக்கு ஓடினார். முப்பத்தேழு முறை கரண்ட் போனதைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார்.

“இப்ப கரண்ட் வந்தா ஓடும் பாரு!” என்று கோவர்த்தனன் உள்ளேயிருந்து சீண்டினார்.

அதுவும் நியாயம்தான் என்று பட்டது தாட்சாயணியம்மாவுக்கு. அதன் பிறகு சத்தமோ அமைதியோ எதற்கும் அவிழ்க்கவில்லை. தன் கை கழுத்தில் பட்டால் மட்டும் நகரலாம் என்று ஆக்கினார்.

மார்ச் 11, ஞாயிறு, திருப்பதி. ஹரிபிரசாத் வண்டியோடு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார். அன்று உயரம் 113. கயிறு தரையில் விழுந்தது. மேளம் முழங்கியது, நின்றது. பங்காரு நின்றது. டாக்டர் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார். ஒரு குழந்தை வீறிட்டது. நூற்றிருபதாவது விநாடியில் நான் கையைத் தூக்கினேன்.

தாட்சாயணியம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். பங்காரு நின்றுகொண்டே இருந்தது. அடுத்த குதிரை காத்திருந்தது. டாக்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

ஹரிபிரசாத் வந்தார். “நகருங்க சார், நமக்கு இது தினப்படி வேலை,” என்று இழுத்தார். பின்னால் போய்த் தள்ளினார். வேர்வையில் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

“இன்னாய்யா கோவர்த்தனா, மாப்பிள்ளைய ஏத்திக்கினு இது நடு ரோட்ல நின்னுடுச்சின்னா என் கதி இன்னா? எனக்கு நடக்கற குதிரை வேணும்யா!”

“நிக்க வெக்கத்தான்யா எங்க வூட்ல ரெண்டு மாசமா சோறே துன்னல,” என்றார் கோவர்த்தனன். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “நீ வண்டிய எடுத்துக்கினு கௌம்பு. இது எங்கயும் வராது.”

பிறகு மனைவி பக்கம் போய், “ஏய், அழுதது போதும். அத்த வந்து தொடு. எல்லாரும் நின்னுக்கினு கீறாங்க,” என்றார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கழுத்தில் கை வைத்தார். மூன்றாம் பரிசு கிடைத்தது. மேடைக்குப் போய் அதை வாங்கி வந்தவர் கோவர்த்தனன்.