இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு: பேராசிரியர் ஆபத்சகாயம்

இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டில்லி பணம் தராது என்றேன், தரவில்லை. ஊருக்குக் கிழக்கே சால்ட் லேக்கில் பெரிய இயந்திரம் வந்தால் இங்கே ஆய்வகத்துக்குப் பூட்டு என்றேன், பூட்டினார்கள். இந்த மனிதர் ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு நாள் போய்விடுவார் என்றும் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார். எல்லாவற்றையும் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது மட்டும் எனக்கு முன்னால் தெரியவில்லை.

செய்தி கொண்டுவந்தவள், அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பாருல். கடையில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். டிராமிலிருந்து இறங்கி, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட மண்மேட்டைச் சுற்றி வந்து எதிரே நின்றாள்.

"மாமா, சகாய்பாபு ஆர் நேய்" என்றாள். இனி இல்லை என்பதை வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆபத்சகாயம் என்ற பெயர் அவர்கள் வாயில் நிற்காது; வந்த நாளிலிருந்தே அவர் சகாய்பாபுதான். நான் கொட்டையை இறக்க மறந்தேன். அந்த ஈடு முழுக்கக் கருகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அணு, அணுவுக்குள்ளே இன்னும் சின்னது, அதற்குள்ளே இன்னும் சின்னது என்று இருக்கிறதல்லவா, அந்தத் துகள்களை ஆராய்ந்தவர் அவர். இந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர். பெயரைச் சொன்னால் இன்னும் அங்கே சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கடம். நான் ஒன்பதாவதோடு நின்றவன். இருந்தாலும் இந்த விஷயத்தில் அவருடைய மாணவர்களைவிட எனக்குத் தெளிவு அதிகம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டுப் பெரிய இயந்திரத்தின் வாயில் கண்ணாடித் தகடுகளை வைப்பார்கள். தகட்டின் மேல் ஃபோட்டோ பிலிமில் இருப்பதைப் போல ஒரு பூச்சு, கனமாக இருக்கும். துகள் அதைத் துளைத்துக்கொண்டு போன வழி, கழுவிய பிறகு, மைக்ராஸ்கோப்பில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தத் தகடுகளில் ஒரு பங்கு விமானப் பார்சலில் கல்கத்தாவுக்கு வரும். "மெஷின் அவாளுது மணி. கண் நம்மளுது" என்று என்னிடம் சொல்வார்.

அறுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில்தான் முதன்முதலாக என் கடை வாசலில் வந்து நின்றார். இந்த ஊர் ஈரத்தில் தகட்டின் பூச்சு ஊதிப் பூஞ்சை பிடிக்கிறதாம். காப்பிப்பொடியோடு அப்பளமும் விற்கிற எனக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டின்னுக்கு அடியில் சுட்ட சுண்ணாம்பை வைத்து மூடுங்கள் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுண்ணாம்பு எங்கிட்டே இருக்குப்பா. காலி டின் மட்டும் குடு" என்றார். ஆக, இந்தியாவின் துகள் ஆராய்ச்சி நனையாமல் இருந்தது என் அப்பள டின்னால்தான். இதை எங்கேயும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தகடு பார்க்க நான்கு பெண்கள் இருந்தார்கள். பாருல்தான் மூத்தவள். அவர்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு தகட்டை ஒருத்தி பார்த்து, கண்டதைக் குறிப்பாள். பிறகு இன்னொருத்தி, முதலாமவள் என்ன குறித்தாள் என்று தெரியாமலேயே, அதே தகட்டை முதலிலிருந்து பார்ப்பாள். இரண்டு பேர் கண்ணிலும் பட்டதுதான் கணக்கில் சேரும். ஒருத்தி மட்டும் கண்டதை எல்லோரும் சேர்ந்து மறுபடி தேடுவார்கள். கிடைக்காவிட்டால் தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாள் டின் கொடுக்கப் போன நானும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கறுப்பாக வளைந்து ஒன்று போனது.

"ஸார், புதுத் துகள்! என் பேரையே வெச்சுடுங்கோ!"

அவர் சிரிக்கவில்லை. பாருலைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்றாள்.

"மணி, அது ஒன் கண்ணிமை மயிர். நீ பார்த்தே, அவ பார்க்கலே. தள்ளிடு" என்றார்.

எழுபதுகளின் நடுவில், மானியம் முடிகிற வருடம், டில்லியிலிருந்து நிபுணர் குழு வந்தது. அவர் கேட்டிருந்தது அந்த நான்கு பேருக்கு இன்னும் சில வருடச் சம்பளம், அறைக்கு ஒரு குளிர்சாதனம், அவ்வளவுதான்.

"பெரிசா கேளுங்கோ ஸார். ஒரு கட்டடம், ஒரு ஜீப்பு, ஃபாரின் மெஷின் ரெண்டு. சின்னதா கேட்டா பிச்சைக்காரன்னு நெனைச்சுப்பா" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஜீப்பு எதுக்குடா எனக்கு? தகடு மேஜை மேலேதானே இருக்கு."

நான் சொன்னபடியேதான் ஆயிற்று. இத்தனை சின்னத் தொகையைப் பல்கலைக்கழகமே கொடுக்கலாமே என்றது டில்லி. ஆராய்ச்சி என்றால் டில்லிதான் கொடுக்க வேண்டும் என்றது பல்கலைக்கழகம். அன்றைய இட்லி, வடை, காப்பி என் உபயம். மின்வெட்டு வேறு. எல்லோரும் தாழ்வாரத்தில் நின்றபடி சாப்பிட்டார்கள். குழுத் தலைவர் வடையும் கையுமாகச் சொன்னார்: "நாடு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, புரொஃபசர். இனிப் பணத்தை ஒரே இடத்தில்தான் போட வேண்டும். சால்ட் லேக்கில் இயந்திரம் எழும்புகிறது, நீங்களும் அங்கே வந்துவிடுங்கள். பல்கலைக்கழகம் பாடம் நடத்தட்டும்."

"இந்த நாலு பேர்?"

"ஆள் எடுக்க விதி இருக்கிறதே. பட்டம் வேண்டும், வயது வேண்டும்."

அப்போதுதான் நம் பேராசிரியர் நிமிர்ந்து, தாழ்வாரமே அதிரும்படி இங்கிலீஷில் சொன்னார்: "இயந்திரத்தை டெண்டர் விட்டு வாங்கலாம், ஐயா. இந்த நாலு பேர் கண்ணை எந்த டெண்டரில் வாங்குவீர்கள்?" தலைவர் கையிலிருந்த வடை கீழே விழுந்தது. இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நேற்று இரங்கல் கூட்டத்தில் அவருடைய துறைக்காரர் ஒருவர் இதைச் சொல்லித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மானியம் நின்றது. பெண்கள் போனார்கள். பாருல் ஊருக்குள்ளேயே டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் சும்மாவே வந்து பார்க்கிறேன் என்றாள். சம்பளப் பட்டியலில் இல்லாதவர் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று அதற்கும் உத்தரவு வந்தது. மாணவர்கள் சால்ட் லேக்குக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். மீதித் தகடுகளை அவர் ஒருவரே பார்த்தார். ஓய்வு பெறும்வரை, மின்சாரம் இருந்த நேரமெல்லாம் பார்த்தார். பார்த்து, குறித்து, என் டின்னில் அடுக்கினார். இரண்டாவது கண் இல்லை. அவர் போட்ட விதிப்படியே, அத்தனை வருடத்தில் அவர் கண்டது ஒன்றுகூடக் கணக்கில் சேரவில்லை.

"நீங்க போட்ட விதிதானே ஸார், நீங்களே தளர்த்திக்கப்படாதா?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"நான் மட்டும் பார்த்தா அது இருந்துதான்னு எனக்கே எப்படிடா தெரியும்?" என்றார்.

அவர் ஓய்வு பெற்றதும் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். கடைசியில் சால்ட் லேக்கிலேயே மகன் வீட்டில் இருந்தார். அந்த இயந்திரத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "பார்த்தேன். நல்ல மெஷின் மணி. நன்னா பண்ணிருக்கா" என்றார். அவர் குரலில் கசப்பைத் தேடினேன். களைப்புதான் இருந்தது.

இவ்வளவையும் எழுதி, எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்குக் கொடுக்கும் முன் பாருலுக்கு வங்காளத்தில் படித்துச் சொன்னேன். வடை விழுந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"மாமா, நான் அங்கேதானே கப் எடுத்துக்கிட்டு நின்னேன். அவர் அப்படிச் சொல்லலையே."

"நீ உள்ளே போயிருப்பே."

"போகலை."

"மறந்திருப்பே. எத்தனை வருஷம் ஆச்சு!"

"வடை விழுந்திருந்தா யார் பெருக்கினது, மாமா? அன்னிக்குத் தாழ்வாரம் பெருக்கினது நான்தான்."

இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி தேடினோம். கிடைத்தது இவ்வளவுதான். ஒரு வருடமாவது இவர்களை வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டார். பார்க்கலாம் என்றார் தலைவர். இவர் நன்றி சொல்லி, வாசல்வரை போய், கார்க் கதவைத் தாமே திறந்துவிட்டார். திரும்பி வந்து பாருலிடம், "இன்னிக்கு எத்தனை தகடு பாக்கி?" என்று கேட்டார்.

அவர் அந்தக் கதவைத் திறந்துவிட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று மாலையே கடைக்கு வந்தவர்களிடம் டெண்டர் வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அது அவர் குரலில் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு தரம் அவர் காதிலேயே விழுந்தது. காப்பிப்பொடி வாங்க வந்தவர், "யார் சொன்னா இதை?" என்று கேட்டார். "நீங்கதான் ஸார்" என்றேன். "நன்னாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பொடியை வாங்கிக்கொண்டு போனார்.

டின்களை அவர் மகன் நேற்று என் கடையில் சேர்த்துவிட்டார். பாருல் ஒரு தகட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவர் மையால் வைத்த வட்டங்கள் தெரிந்தன. உள்ளே இருந்தது வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. நான் சுண்ணாம்பை மாற்றி மூடி வைத்தேன்.

போய் வாருங்கள், ஸார். அந்த டெண்டர் வாக்கியத்தின் ஓரத்தில் குறித்துவிட்டேன்: பார்த்தவர் ஒருவர். அவரும் பார்க்கவில்லை.