விளாம்பழத்துக்குத் தையல் வரைந்த நாள்

வித்தியாதரிசி எங்கள் பாடசாலையைப் பார்வையிட வருவதற்கு முதல்நாள் பின்னேரம், பாடசாலையில் இருந்த ஒரேயொரு கிரிக்கெட் பந்து புகையிலை ஏற்றிப்போன லொறிக்குள் விழுந்து பட்டினத்துக்குப் போய்விட்டது. அடித்தவர் தலைமையாசிரியர். மட்டையை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போனவர், வாழ்நாளில் முதன்முறையாகப் பந்தைச் சரியாக அடித்துவிட்டார்.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக்குச் சித்திரச் சோதனை. 'பந்தை முன்னால் வைத்துப் பென்சிலால் வரைதல்' என்று வித்தியாதரிசி முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். நான் சித்திர வாத்தியார், இன்னும் நிரந்தரமாக்கப்படாதவன். அவருடைய குறிப்பு நன்றாக அமைந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாமனாரின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். மூத்தவள் பூமணி அந்த ஐந்தாம் வகுப்பில்தான் படித்தாள்.

"லொறிக்காரனைத் தேடிப் பிடிப்பமோ?" என்றேன்.

"பிடிச்சு? அடிச்சது நான் எண்டு சொல்லப் போறீரோ?" என்றார் தலைமையாசிரியர். "உம்மடை வீட்டு வளவிலை விளாமரம் நிக்குதெல்லே?"

"ஓம்."

"பிறகென்ன? நீர் சித்திர வாத்தியார்தானே!"

விளாங்காயாக ஒன்றைப் பறித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மரமேறப் பயந்து, கீழே விழுந்து கிடந்த பழத்தை எடுத்தேன். காம்படியில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது. அதைப் பசையால் அடைத்து, செங்காவி மூன்று தரம் பூசி, தேங்காயெண்ணெய் தொட்டு மினுக்கினேன். பிறகு ஈர்க்கைச் சுண்ணாம்பில் தோய்த்து ஆறு வரி தையல் வரைந்தேன். "உங்களுக்கு விசரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் அதை யன்னலோரம் மேசையில், வெடிப்புச் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தேன். பிள்ளைகள் வரையத் தொடங்கினார்கள். முதலில் மெல்லிய கோட்டில் வட்டம். வெளிச்சம் பட்டு மினுங்கும் இடத்தில் பென்சில் படக்கூடாது. கடும் கறுப்பு ஓரத்தில் வராது, சற்று உள்ளே வரும். ஓரத்தில் மேசையின் வெளிச்சம் மெல்லியதாகத் திரும்பி அடிக்கும். தையல் நேராகப் போகாமல் பந்தோடு வளைந்து போகவேண்டும். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே வந்துகொண்டிருந்தது.

வித்தியாதரிசி பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வாங்குகளுக்கு இடையே நடந்து வந்தார். "பரவாயில்லையே" என்று இரண்டு தரம் சொன்னார். பூமணியிடம் வந்ததும் நின்றார்.

"பிள்ளை, உதென்ன, பந்துக்கு மேலை புள்ளி புள்ளியாய்?"

"எறும்பு, ஐயா."

"எறும்போ?"

"ஓம் ஐயா. முதல் ரண்டுதான் நிண்டது. நான் கீறி முடிக்க முதல் இன்னும் நாலு வந்திட்டுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் எறும்பைக் கண்டிருந்தார்கள். வாத்தியாருக்கு மரியாதை கொடுத்து அதை விட்டுவிட்டார்கள். என் மகளுக்கு அந்த மரியாதை தோன்றவில்லை.

வித்தியாதரிசி 'பந்தை' எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார்.

"மாஸ்ரர், உது எந்தக் கடையிலை வாங்கின பந்து?"

நான் வாய் திறக்குமுன், "ஊர்ச் சாமான், ஐயா" என்றார் தலைமையாசிரியர்.

வித்தியாதரிசி வெளியே போனார். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பி வந்தார், கையில் ஒரு அசல் கிரிக்கெட் பந்தோடு.

"பிள்ளையள் கீறினது போதும். இனி நீர் இருந்து கீறும்."

பூமணியின் வாங்கில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். முழங்கால் மேசைக்குக் கீழே அடங்கவில்லை. முப்பது பிள்ளைகளும் என்னைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள். வட்டத்தை நாலு தரம் அழித்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் தையல் மட்டும் அச்சொட்டாகத் தையல் போலவே வந்தது.

வித்தியாதரிசி தாளை உயர்த்திக் காட்டினார். "வாத்தியாற்றை படத்திலை என்ன பிழை? ஆர் சொல்லுறது?"

ஒரேயொரு கை உயர்ந்தது. நான் பெற்ற மகளின் கை.

"மேசையிலை பந்தின்ரை நிழல் இல்லை, ஐயா. அதாலை பந்து பறக்குது."

"ஓமோம். ஆரோ நல்லாய் அடிச்சுப்போட்டினம் போலை" என்றார் வித்தியாதரிசி. தலைமையாசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

போகும்போது என்னைக் காரடிக்குக் கூப்பிட்டார். "பந்து இல்லையெண்டு ஒரு வரி எழுதியிருந்தா காரிலை கிடந்ததை முதலே தந்திருப்பன். உம்மடை பிள்ளையளுக்குக் கீறத் தெரியுது. ஒருத்திக்குப் பார்க்கவும் தெரியுது. அதுக்காகத்தான் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கிறன். விளாம்பழத்துக்காக இல்லை."

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பாடசாலையில் இல்லாத பொருளை இல்லையென்று எழுதிவிடுங்கள். விளாம்பழம்தான் இருக்கிறதென்றால் அதை விளாம்பழமாகவே வரையச் சொல்லுங்கள். இன்றைக்கும் பாடசாலை வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் என் பென்சில் முனை உடைந்துவிடுகிறது.

வித்தியாதரிசி பாடசாலைக் குறிப்பேட்டில் பூமணிக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி போட்டிருந்தார். அதற்குக் கீழே, சிவப்பு மையில், எனக்கு ஆறு. வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் கேட்டாள்: "அப்பு, உங்களுக்கு எத்தினை?"

"பெரியாக்களுக்குப் புள்ளி போடுறேல்லை."

"அப்ப நாளைக்குப் பெரிய வாத்தியாரைக் கேக்கிறன்."

வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முடிய முன்னர் ஆறு என்று ஒப்புக்கொண்டேன்.