ஒரு தடவைக்கு மட்டும் பென்சல்டிகைட்டு

1998 பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்து, செய்தி கேட்டு, தேநீர் குடித்துவிட்டுச் சைக்கிளில் பாலம் கடந்து கல்லடிப் பாடசாலைக்குப் போனேன்.

மறுநாள் உயர்தர மாணவருக்கு ஒரு தாக்கத்தைக் காட்டவேண்டும். காபனயன் என்று நான் பலமுறை சொன்னதன் விளைவை அவர்கள் ஒருமுறையும் கண்டதில்லை. கோஸ்டிக் சோடா என்ற காரம் அசற்றோனின் காபன் ஒன்றிலிருந்து புரோத்தனைப் பிடுங்கும். எதிரேற்றத்தோடு எஞ்சும் அந்தக் காபன்தான் காபனயன்; அது உடனே பென்சல்டிகைட்டைப் பற்றிக்கொள்ளும். மஞ்சள் திண்மம் படியும். பென்சல்டிகைட்டு இரண்டு தடவைக்குத்தான் இருந்தது. போரால் கொழும்பிலிருந்து இரசாயனம் வருவது நின்று நெடுநாள்.

பாடசாலை விட்டதும் ஒத்திகை பார்த்தேன். அரை மணி நேரம் கலக்கியும் கண்ணாடி முகவையில் நிறம் மாறவில்லை. பௌதிகவியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சேர், உங்கட காபனுக்கும் ஊரடங்கா?"

சூடாக்கிப் பார்க்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. சூடு கூடினால் பிசின்தான் மிஞ்சும். கோஸ்டிக் சோடாப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடி உடைந்ததால் மாரிக்கு முன்னரே சொப்பிங் பாக் என்னும் பிளாஸ்டிக் பையால் கட்டி, றப்பர் வளையம் போட்டிருந்தோம். அக்காலத்தில் எல்லாப் போத்தலுக்கும் அதுதான் மூடி. வில்லைகள் கரைந்து, வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டியிருந்தன. ஈரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு துண்டில் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. மாரிக் காற்றிலிருந்த காபனீரொட்சைட்டு அதைக் காபனேற்றாக்கியிருந்தது. புரோத்தனைப் பிடுங்க அதற்குப் பலம் போதாது.

காத்தான்குடியில் சலவைச் சவுக்காரம் காய்ச்சி விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் புதுச் சோடா இருக்குமென்று பௌதிகவியல் ஆசிரியர் சொன்னார். சைக்கிளை மிதித்தேன். கடைக்காரர் இறுக மூடிய தகரத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி, என் கண்ணாடிப் போத்தலில் போட்டார்.

"சேரும் சவுக்காரம் போடப் போறீங்களா?"

"இல்ல காக்கா," என்றேன்; அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். "பிள்ளைகளுக்கு ஒரு மஞ்சள் நிறம் காட்டணும்."

"மஞ்சளுக்கு என்னத்துக்கு இது? கடையில மஞ்சள்தூள் விக்குதே."

திரும்பும்போது இராணுவக் காவலரணில் போத்தலைக் காட்டச் சொன்னார்கள். சவுக்காரத்துக்கு என்றேன், விட்டார்கள். இரவு யோசனையாகவே இருந்தது. இதுவும் பழையதென்றால் மிச்சப் பென்சல்டிகைட்டும் வீண். தனியே சோதித்தால் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

புதன் காலை வகுப்புக்குள் நுழைந்ததும், வரவுகூடக் குறிக்காமல், புதுச் சோடாவில் ஒரு வில்லையைத் தண்ணீரில் கரைத்து, எல்லோரும் பார்க்க அமிலம் விட்டேன். ஒரு குமிழியும் எழவில்லை; இது பழையதல்ல. வேறு முகவையில் புதுச் சோடாக் கரைசலையும் அசற்றோனையும் கலந்து, மிச்சப் பென்சல்டிகைட்டு முழுவதையும் ஊற்றினேன்.