மடத்துக்கா, டிரெயினிங்குக்கா

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது நான்தான் முதல். பெண்களில் மட்டுமல்ல, ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். இதை எழுதும்போதும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. தெருவுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொன்னவள் நான். கோவிலில் லத்தீன் ஜெபங்களைப் புத்தகம் பார்த்துப் பிழையில்லாமல் சொன்னவளும் நான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வகுப்பில் நின்ற ஞாபகமே எனக்குக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் நான் பட்ட குழப்பம் எனக்கே பொறுக்கவில்லை.

பள்ளி இறுதி வகுப்பு முடித்த கத்தோலிக்கப் பெண்களை கன்னியர் மடத்தில் தங்கவைத்து மௌன தியானம் கொடுப்பார்கள். தியானம் முடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பந்தியில் ரசம் வேண்டுமென்றால் கையைக் கிண்ணம்போல் குவித்துக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த குருவானவர், "இனி எப்படி வாழப் போகிறாய் என்பதை இங்கேயே யோசித்து முடிவு செய்துகொண்டு போ. ஆண்டவர் அழைக்கும் பெண்ணுக்கு அது தெரியும்" என்று பிரசங்கம் செய்தார்.

நான் மாமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. தனக்குப் பல்வலி என்று மௌனம் கலைந்த பிறகுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் நான் அதிகம் பேசவில்லை. பேசினால் என்ன முடிவு செய்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லப் பதில் இல்லை. நாமக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். கன்னியராகச் சேரும் பெண்களைத் தாய்மடத்துக்கு அனுப்புவதும் அதே ஜூனில்தான். ஆசிரியையாகக் கரும்பலகை முன்னால் நிற்பதை நினைத்தால் பிடித்திருந்தது. வெள்ளை அங்கியோடு பீடத்தின் முன்னால் நிற்பதை நினைத்தாலும் பிடித்திருந்தது. இரண்டிலும் நான் எல்லோருக்கும் முன்னால் நிற்பதுபோலவே நினைத்துக்கொண்டேன் என்பது எனக்குப் புரிந்தது. அது தேவ அழைத்தலா, வெறும் ஆசையா என்பது மட்டும் புரியவில்லை.

எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தியானத்துக்குப் போன பெண் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பினால் கல்யாணத்துக்கு வரன் பார்ப்பார்கள். வாய் பேசாமல் திரும்பினால் அவளுக்கு அழைத்தல் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் அம்மா ஒரு வாரம் என்னைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நாலு பேரிடம் மெதுவாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து யாரும் என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. நான் நடந்து போனால் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கையைப் பின்னால் மறைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வந்து, "நெத்தியில ஒரு சிலுவை போட்டுவிடு சாமி, எறங்கிரும்" என்றாள். மறுப்பது எப்படி என்று தெரியாமல் போட்டேன். குழந்தை என் முகத்தில் தும்மியது. எதிர்வீட்டுக்காரி அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு போனாள்.

இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ராணி மாதிரி நடத்தப்படுகிற ஒருத்திக்கு, எந்த ஊருக்கு ராணி என்று தெரியாவிட்டால் எப்படி இருக்கும்?

அம்மா இரண்டு வெள்ளை மல் சேலை வாங்கி வந்து மடித்து வைத்தாள். கம்பளி, அலுமினியத் தட்டு, டம்ளர் என்று ஒவ்வொன்றாக மூலையில் சேர்ந்தன. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கே போனாலும் சாப்பிடத் தட்டு வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா லாரிக்குப் பாடி கட்டும் தச்சர். கொண்டப்பநாயக்கன்பட்டி போகிற வழியில் அவர் வேலை செய்த பட்டறை இருந்தது. மிஞ்சிய பலகையில் எனக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் சோறு கொண்டுபோனேன். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மூடியில கண்ணாடி பதிக்கட்டுமா, வேண்டாமா?"

"ஏனுங்கப்பா கேக்கறீங்க?"

"மடத்துக்குன்னா கண்ணாடி ஆகாதும்பாங்க. டிரெயினிங்குன்னா கண்ணாடி இல்லாம எப்படித் தலை சீவுவே? பதிக்கறதுன்னா இப்பவே பலகையைக் குடையணும். உங்கம்மா வேண்டாங்கறா. நான் அவகிட்டக் கேக்கல, உன்கிட்டத்தான் கேக்கறேன்."

அதுவரை என்னிடம் நேராகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் இழைப்புளியில் சுருண்டு கிடந்த மரச்சுருளை எடுத்துப் பிரித்துக்கொண்டே நின்றேன்.

"ரெண்டு நாள் இருங்கப்பா" என்றேன்.

"இரு, இரு. லாரிக்காரன்தான் அவசரப்படுவான். நீயும் நானும் எதுக்கு அவசரப்படணும்" என்று சோற்றைப் பிசைந்தார்.

அந்த வாரம் மேட்டூரிலிருந்து அத்தை வந்தாள். மடத்துக்குப் போகும் பெண்ணைச் சொந்தக்காரர்கள் முறைபோட்டு விருந்து வைத்து அனுப்புவது வழக்கம். அவள் அணை மீனை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லையாம்; கால் நீட்டி வந்தேன் என்றாள். இலையில் எனக்கு மட்டும் துண்டு துண்டாக வைத்துக்கொண்டே பேசினாள்.

"எம் பையனுக்கு உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன். ஆண்டவர் முந்திக்கிட்டாரு. அவரோட நான் மல்லுக்கட்ட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தாள்.

"சிரிக்கறாளே உம் மக" என்றாள் அத்தை. "சிரிச்சாப் போயிருமா உங்க அழைத்தல்?"

"அவளை வம்புக்கு இழுக்காதீங்க அண்ணி. அவ இன்னும் மௌனத்துல இருக்கறா."

அத்தை என் இலையைப் பார்த்தாள். "மௌனத்துல இருக்கறவ மீனை இந்த வெட்டு வெட்டறா" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பயம் வந்தது. எல்லோரும் சேர்ந்து என்னை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் கிளம்பவே இல்லை.

ஜூன் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை மடத்துத் தலைவியான மதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாய்மடத்துக்கு அனுப்பும் முன் பெண்ணின் வீட்டைப் பார்த்துப் பேசுவது அவர்கள் முறை. அம்மா புதுப் பாயை விரித்தாள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசல் ஓரமாக நின்றார். உடம்புக்கு ஏதும் உண்டா, வீட்டில் வேறு யார் உழைப்பது, மனம் ஒப்பித்தான் அனுப்புகிறீர்களா என்று மதர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொன்னாள். பிறகு மதர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஏன் வரணும்னு தோணுது?"

"அவ பேசமாட்டாளுங்க மதர்" என்றாள் அம்மா, பெருமையாக. "தியானத்துல இருந்து வந்ததுல இருந்து மௌனந்தானுங்க."

மதர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "மௌனத்தை நாங்க அன்னைக்கே மணி அடிச்சு முடிச்சுட்டோமே. பொரியுருண்டைகூடக் கொடுத்தோமே. நீ ரெண்டு வாங்கினியே."

எனக்குக் காது சுட்டது. வகுப்பில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையை அன்று சொன்னேன்.

"தெரியலீங்க மதர்."

"எது தெரியல?"

"வரணுமா வேண்டாமான்னே தெரியல."

மதர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. "தெரியாத பெண்ணை நான் ரயில் ஏத்த முடியாதும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

இனி மனம் லேசாகும் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. என்னை வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டாரே என்று ரோஷம் வந்தது. இந்த நிமிஷம் ஓடிப் போய், வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இதுதான் அழைத்தலோ என்று அதற்குள் ஒரு சந்தேகம். அம்மா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போகத் தைரியம் இல்லாமல் பட்டறைக்குக் கிளம்பிய அப்பாவின் பின்னால் நடந்தேன்.

"கண்ணாடி வைங்கப்பா" என்றேன்.

"முடிவு பண்ணிட்டியா?"

"இல்லீங்கப்பா. ஆனா பெட்டியை முடிக்கணுமில்ல."

அவர் உளியை எடுத்தார்.

அம்மா பிறகு தெருவில் ஒரு கதை கட்டினாள். வாத்தியார் வேலை படித்த பெண்களைத்தான் மடத்தில் விரும்புகிறார்களாம். அதனால் முதலில் டிரெயினிங், பிறகு மடம். எதிர்வீட்டுக்காரி நம்பினாள். சில நேரம் நானும் நம்பினேன். வெள்ளைச் சேலைகளை அம்மாவே பெட்டியில் அடியில் வைத்து, அவற்றின் மேல் ஒரு பூப்போட்ட சேலையையும் வைத்தாள்.

நாமக்கல் பஸ்ஸில் பெட்டியைக் கூரைமேல் ஏற்றிவிட்டு அப்பா இறங்கினார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"அங்க போயி நல்லா யோசிச்சுட்டு வந்து சொல்லுவியா சாமி?"

"சொல்றேன்மா."

"என்னன்னு சொல்லுவே?"

நான் வாயைத் திறந்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகும் அம்மா ஜன்னலோடு சில அடி நடந்து வந்தாள், நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு.