தகரம் தட்டினால் குற்றம்

எங்கள் ஏரிக்குப் பறவைகள் வந்ததில் என் அத்தைக்குத் துளியும் சந்தோஷமில்லை. ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் ஏறியதும் கொக்கும் நாரையும் நீர்க்காகமுமாக எங்கிருந்தோ வந்து, ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டும். எச்சம் விழுந்து விழுந்து மரங்கள் வெளுத்துப்போகும். நாற்றம் ராசிபுரம் போகிற சாலை வரைக்கும் அடிக்கும். அதையெல்லாம்கூட அத்தை பொறுத்துக்கொள்வாள். ஏரிக்குக் கீழே அவள் நட்ட நாற்றை அவை மிதித்துத் துவைப்பதைத்தான் பொறுக்கமாட்டாள். நண்டும் தவளையும் தேடி நடக்கிற நாரைக்கு, காலடியில் இருப்பது அத்தையின் பயிர் என்று தெரியவா போகிறது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கணவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கே வந்து, தன் பங்கு நிலத்தைத் தானே பயிர் செய்துகொண்டிருந்தாள். நடவு முடிந்துவிட்டால் விடிந்ததும் ஒரு எண்ணெய்த் தகரத்தையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவாள். அவள் தட்டுகிற தட்டில் பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பி ஏரியைச் சுற்றும். ஊரில் பாதிப்பேர் கண் விழித்ததே அந்தச் சத்தத்தில்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எழுபதுகளின் கடைசி. வனத்துறைக்காரர்கள் வந்து ஏரிக்கரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பலகை நட்டார்கள். பறவைகள் நாட்டின் செல்வம், அவற்றையோ அவற்றின் கூடுகளையோ தொந்தரவு செய்பவர்கள் சட்டப்படி தண்டிக்கப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கொஞ்ச நாளில் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்து அத்தையின் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அது எம்பட தகரமுங்க” என்றாள் அத்தை.

“பறவை கவர்மெண்டோடதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் தகரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அது அந்த வரப்பிலும் வண்டித்தடத்திலும் கடகடவென்று அடித்துக்கொண்டே போனதில் மறுபடியும் எல்லாப் பறவைகளும் எழும்பின. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். நான்கு நாள் திட்டுவாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். “சட்டம்னு ஒண்ணு போட்டா கேட்டுத்தானே ஆகோணும்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு தகரமில்லாமல், தலைத்துண்டை வீசிக்கொண்டே வரப்பில் நடந்தாள். நாரைகள் நாலடி தள்ளி நின்று அவள் போகும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி இறங்கும். அந்த வருஷம் நாற்றில் கால்வாசி போனது.

தை மாதம் ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். ஏரிக்குள் இருக்கிற கருவேல மரங்கள் ஏலம். ஏலம் விடுவது வேறொரு அலுவலகம். மாசிக்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. மார்ச் மாதத்தில் அவர்கள் அலுவலகத்தில் கணக்கு முடியுமாம். கூட்டில் இருந்த குஞ்சுகளுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

ஏலம் எடுத்தவர் யார் என்றால், என் மாமா. அம்மாவின் தம்பி. நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி வைத்து, ஜவ்வரிசி காய்ச்சுகிற சேகோ ஆலைகளுக்கு விறகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்களோடும் கோடாலிகளோடும் அவர் வந்து இறங்கியபோது எங்கள் வீட்டில் ஒரே விருந்துதான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மரம் வெட்டுவதைப் பார்க்க நானும் மாமாவோடு ஏரிக்குப் போனேன்.

மேல்பக்கம் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. ஓரத்து மரம் ஒன்றை முதலில் வெட்டினார்கள். அது சாயும்வரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சாய்ந்த பிறகு தண்ணீரெல்லாம் குச்சியும் குஞ்சுமாக மிதந்தது. இறகு முளைக்காத நாரைக் குஞ்சுகள் கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கத்தின. மேலே தாய்ப்பறவைகள் சத்தமே இல்லாமல் சுற்றின. கோடாலி பிடித்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கைக்கு எட்டியதையெல்லாம் பொறுக்கிச் சாந்துக் கூடையில் போட்டார். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவேயில்லை.

வயலில் இருந்த அத்தை அங்கே வந்து சேர்ந்தாள். கூடையைப் பார்த்தாள். விழுந்த மரத்தைப் பார்த்தாள்.

“ஏந்தம்பி, தகரம் தட்டினா குத்தம், மரத்த வெட்டினா குத்தமில்லையா?”

“நானென்னங்க நங்கையா பண்றது? கவர்மெண்டுதானுங்க வெட்டச் சொல்லுது” என்றார் மாமா. அக்காவின் நாத்தனார் என்பதால் அத்தையை அவர் நங்கையா என்றுதான் கூப்பிடுவார். அவளைக் கண்டால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

“பலகை நட்டதும் கவர்மெண்டுதான். நம்முளுக்கு இருக்கறது ஒரு கவர்மெண்டா ரெண்டு கவர்மெண்டா, போய்க் கேட்டுட்டு வந்தர்லாம். வண்டிய எடு.”

மாமா வண்டியை எடுத்தார். அத்தை, புறப்படும்போது ஆட்களைப் பார்த்து, கரையில் நின்ற பலகையையும் பிடுங்கி லாரியில் ஏற்றச் சொன்னாள். அவர்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா வானத்தைப் பார்த்தார். பலகை ஏறியது. குஞ்சுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

நாமக்கல்லில் முதலில் ஏலம் விட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். மரம் மட்டும்தான் தங்களுடையது, பறவை தங்கள் பொறுப்பில் வராது என்றார். அங்கிருந்து வனத்துறை அலுவலகம். முன்னறையில் இருந்தவர் பறவை தங்கள் பொறுப்புதான், ஆனால் அந்த மரம் தங்களுடையதில்லை என்றார்.

“அப்படீன்னா குஞ்சு மரத்து மேல இருக்கற வரைக்கும் ஒருத்தருது, கீழ உளுந்துட்டா ஒருத்தருதுங்களா?” என்று அத்தை கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவர் எங்களை உள்ளே ரேஞ்சரிடம் அனுப்பினார்.

ரேஞ்சர் சின்ன வயதுக்காரர். ஊருக்குப் புதிது. மாமா பலகையைச் சுவரில் சாய்த்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

“அரசாங்கப் பலகையைப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. இது குற்றம், தெரியுமாம்மா?”

“தெரியுமுங்க. அதையும் சேர்த்து எழுதிக்கோங்க. அதுக்கு முந்தி அதுல என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க.”

அவர் படிக்கவில்லை. என் மடியில் இருந்த கூடையைக் காட்டி என்ன என்று கேட்டார். நான் அதை மேசைமேல் வைத்தேன். மிரண்டுபோயிருந்த ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி, தான் தின்றிருந்த நத்தையையும் தண்ணீரையும் அவருடைய காகிதங்கள்மேல் கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மாமா பதறிப்போய்த் துண்டை எடுத்தார். ரேஞ்சர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். துடைத்து முடித்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு, “வாங்க, போய்ப் பார்க்கலாம்” என்றார்.

எங்கள் லாரிக்குப் பின்னால் அவருடைய ஜீப் வந்தது. எனக்கு அந்த ஒரு விஷயமே போதுமாக இருந்தது. ஏரிக்கு வந்ததும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அவர் தொப்பியிலும் தோளிலும் பறவைகள் தங்கள் வேலையைச் செய்தன. அவர் கவனிக்கவில்லை. கரையேறியதும் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, குஞ்சுகள் பறந்துபோகிற வரைக்கும் ஒரு மரமும் வெட்டக்கூடாது என்று எழுதி மாமாவிடம் கொடுத்தார். பலகையை அவரும் மாமாவும் சேர்ந்து தூக்கி, பழைய குழியிலேயே நட்டுக் கல் போட்டு இறுக்கினார்கள்.

அது அத்தோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஏலம் விட்ட அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் காரில் வந்தார். ரேஞ்சரையும் வரவழைத்திருந்தார். கரையில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள், மேலே இருந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். ரேஞ்சர் குரலே உயர்த்தவில்லை.

“கையெழுத்து என்னோடதுதான் சார். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

அருகில் நின்ற அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், “இப்படிச் சொல்றவனை இப்பத்தான் பாக்கறேன்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கூட இருந்தது நான் மட்டும்தான்.

கூடையில் வந்த குஞ்சுகளை அம்மா எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்துக்கொண்டாள். நத்தை பொறுக்கிப் போடுவது எனக்கும் மாமாவின் ஆட்களுக்கும் வேலையானது. சில பிழைக்கவில்லை. பிழைத்தவை பங்குனியில் கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்று இறக்கையை அடித்துப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக ஏரிப்பக்கம் போயின. சித்திரையில் ஏரி வற்றியதும் ரேஞ்சரே வந்து ஓரத்து மரங்களை மட்டும் அடையாளம் போட்டுக் கொடுத்தார். அவற்றை மாமா வெட்டிக்கொண்டார். மீதிக்கு ஈடாக, ஏலம் விட்ட அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு, வேறொரு ஏரியில் கூடு இல்லாத மரங்களை ரேஞ்சரே வாங்கிக் கொடுத்தார். அதில் மாமாவுக்கு நட்டம் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு லாரி நிற்கிற இடத்திலெல்லாம், ஏரிப் பறவைகளைக் காப்பாற்றியதே தான்தான் என்கிற மாதிரி அவர் பேசிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி. அத்தை அதை மறுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

“உங்களுக்குத்தான் கொக்கே புடிக்காதே அத்தை, அப்புறம் எதுக்குப் போய்க் கேட்டீங்க?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“எனக்கு எதுக்கு சாமி கொக்கு புடிக்கோணும்? சொன்னதச் செய்யோணுமல்ல” என்று சொல்லிவிட்டுக் கடலை உரிப்பதைத் தொடர்ந்தாள். எனக்கு அது பதில் மாதிரியே தோன்றவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் ரேஞ்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜீப் இல்லை, காக்கி உடுப்பும் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார். தனக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். வெகுதூரத்தில், மாவட்டம் தாண்டி, ஏதோ ஒரு மலைக்காடு.

“வந்து முழுசா ஒரு வருஷங்கூட ஆகலீங்களே” என்றார் அப்பா.

“ஆகலைங்க” என்று அவர் சிரித்தார்.

அம்மா இலை போட்டாள். எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அங்கே யானை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். புலி? இருக்கலாம் என்றார். நம் ஏரியைவிடப் பெரிசா என்றதற்கு, ஆயிரம் ஏரி அளவு இருக்கும் கண்ணு என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏரி நிறையப் பறவைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவருக்கு அரசாங்கம் காடு நிறைய யானைகளைக் கொடுத்துவிட்டது. அவர் கிளம்பியபோது அத்தை அவரோடு கூடவே பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போனாள். யாரையும் அவள் அப்படி வழியனுப்பி நான் பார்த்ததில்லை. பஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

மறுநாள் வகுப்பில் நானாகவே எழுந்து நின்று வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஏரியில் மரம் வெட்டவிடாமல் நிறுத்தினாரே ஒரு ஆபீசர், அவருக்குப் பரிசாக யானை இருக்கிற பெரிய காடு கொடுத்துவிட்டார்கள் என்றேன். வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, “சரி சாமி, உட்காரு” என்றார். பாவம், அவர் யானையையே பார்த்திருக்கமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.