அலங்காநல்லூரில் இனித்த ஆம்ப்

எனக்குப் பொறுமை கிடையாது. இட்லி வெந்துவிட்டதா என்று மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்குப் போய் வால்வு ஆம்ப்ளிஃபயர் மேல் ஆசை வந்ததை என்னவென்று சொல்ல. ஸ்விட்சைப் போட்டதும் அது பேசாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறி, மெல்லச் சிவந்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும். அதுவரை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் எழுந்து நடந்துகொண்டிருப்பேன்.

இருபது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கிடார் வாசித்தவள். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா என்று மதுரையைச் சுற்றி நான் ஏறாத மேடை குறைவு. இப்போது திருநகரில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேடையில் எனக்கு வாய்த்ததெல்லாம் சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டிகள்தான். ஒரே ஒரு தடவை, சென்னையில் ஒரு ரிக்கார்டிங்கில், வால்வு ஆம்பில் வாசித்தேன். மெதுவாகத் தொட்டால் தெளிவாகப் பேசியது. அழுத்தித் தொட்டால் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல் மாதிரி லேசாக உடைந்தது. அந்தச் சத்தம் அன்றைக்குக் காதுக்குள் போனது, வெளியே வரவே இல்லை.

ஆசை பழையது, அவசரம்தான் புதிது. காது டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதில் மேல் சத்தங்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன என்றார் டாக்டர். இத்தனை வருஷம் டிரம்ஸுக்கு வலது பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. இனிமேல் சில சத்தம் கேட்காது, சில சத்தம் தேவைக்கு மேல் குத்தும், எது எப்போது என்பது போகப் போகத்தான் தெரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. கணவரிடம் சொன்னால் நாத்தனாருக்குப் போகும், நாத்தனாருக்குப் போனால் தெருவுக்குப் போகும். காது கேட்காத கிடார் டீச்சரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அதைவிட, எனக்கே பயமாக இருந்தது. பாத்திரம் விழும் சத்தம் குத்தினால் பயம், குத்தாவிட்டால் அதைவிடப் பயம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டுக் கணவர் மறுபக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார். கேட்டால் அங்கே ஃபேன் காற்று நன்றாக வருகிறதாம். அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

கேட்க முடிகிற காலத்திலேயே அந்தச் சத்தத்தை ஒருமுறை வீட்டில் வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. புது வால்வு ஆம்ப் வாங்க நமக்கு வசதி போதாது. பழைய சாமான் விற்கும் ஆப்பில் தினமும் தேடினேன். ஒரு நாள் வந்தது. இங்கிலாந்தில் செய்தது, நம்மூர்க் கரண்டுக்கே ஏற்றது, இருக்கும் இடம் அலங்காநல்லூர் பக்கம். படத்தில் அதன் மேல் ஒரு வாழைத்தார் வைக்கப்பட்டிருந்தது.

என் கிடாரையும் எடுத்துக்கொண்டேன், கணவர் காரை எடுத்தார். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், எங்கே கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காமல் வருவார். அலங்காநல்லூரைத் தாண்டி, பெரியாறு கால்வாயை ஒட்டிக் கரும்புக்கு நடுவே ஒரு வீடு. விற்கிறவருக்கு நாற்பது வயதிருக்கும். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியபோது, கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்ற வேகத்தில் முதலில் ஆம்பை வாங்கியிருக்கிறார். கிடார் வாங்கவே இல்லை. இப்போது விவசாயம். ஆம்ப் இருக்கும் இடத்தில் பீரோ வைக்க வேண்டும் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம்.

திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் போன் மேல் போன் போடுவதாக அவர் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஏமாந்துவிடக் கூடாது என்று முறையாகவே பார்த்தேன். பின்பக்கம் டார்ச் அடித்து, எதுவும் கருகியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மோந்து பார்த்தேன். வால்வுகள் சூடானதும் ஒவ்வொன்றையும் பென்சிலால் லேசாகத் தட்டினேன். கெட்டுப்போன வால்வு தட்டினால் ஸ்பீக்கரில் மணி மாதிரி கணகணக்கும். இவை கம்மென்று இருந்தன. வால்யூம் திருகுகளைத் திருப்பியபோது கரகரப்பு வந்தது, அது தூசிதான், துடைத்தால் போய்விடும். கிடார் கம்பியைத் தொட்ட விரலில் சுருக்கென்றது. எர்த் இல்லாத வீட்டில் இந்த மாதிரி சாமானைப் போடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைப்பு.

வாசித்தேன். அதே குரல். சென்னையில் கேட்டது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. மெதுவாகத் தொட்டால் பதமாக வந்தது, அழுத்தினால் அப்படியே இளகி உடைந்தது. விரல் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று, மனசே இல்லாமல் போனது. அறையில் வேர்த்துக் கொட்டியது. தலைக்கு மேல் ஃபேன் வேண்டா வெறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ தண்ணீர் விழும் சத்தம். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வாசித்தபடியே கண்ணீர் வந்தது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

“எம்புட்டு நேரமானாலும் வாசிச்சுப் பாருங்கக்கா, பெறகு குறை சொல்லக் கூடாது” என்றார் அவர்.

நான் பேரம்கூடப் பேசவில்லை. கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள் நான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் வைத்தேன். விலை உயர்ந்த சாமான் என்று மரியாதையாக, ஏசிக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரிலேயே செருகினேன். சாம்பிராணி ஒன்றுதான் போடவில்லை. சூடேறும் வரை மொட்டைமாடியில் நடந்தேன். வந்து உட்கார்ந்து முதல் கம்பியைத் தொட்டேன்.

குத்தியது. தகரத்தில் ஆணியால் கீறியது போல் இருந்தது. வால்யூமைக் குறைத்தேன், அப்போதும் விறைப்பாகவே நின்றது. அழுத்தினால் இளகவில்லை, இன்னும் சத்தமாகக் கத்தியது. வயரை மாற்றினேன். கிடாரை மாற்றினேன். ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன், ஸ்டூல் மேல் ஏற்றினேன், தலையணையை முன்னால் வைத்தேன். கணவரைக் கூப்பிட்டு, அங்கே கேட்டதும் இங்கே கேட்பதும் ஒன்றா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, எனக்கு மட்டும் குத்துகிறது. சில சத்தம் தேவைக்கு மேல் குத்தும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் முழுவதும் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். காலையில் வாசித்தால் குத்தியது, மத்தியானம் வாசித்தால் குத்தியது. இடது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வாசித்தேன், வலது காதில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது அவர்கள் கிடாரில் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் காதை நம்பித்தான் என் பிழைப்பு. அது பொய் சொல்ல ஆரம்பித்தால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? யோசிக்க யோசிக்க, குற்றத்தை வேறு யார் தலையிலாவது போட்டுவிட வேண்டும் என்று வெறி வந்தது. கிளம்பும் முன் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஆள் நல்ல வால்வைக் கழற்றிவிட்டுக் கெட்டதை மாட்டியிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு நிம்மதி.

மறுபடியும் காரை எடுக்கச் சொன்னேன். ஆம்ப் பின்சீட்டில், சீட் பெல்ட் போட்டு. போகும் வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டேன்.

“தம்பி, உள்ள இருந்த வால்வ மாத்திட்டீங்களா?”

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “அதைக் கழட்டவே எனக்குத் தெரியாதுக்கா. உள்ள கொண்டாங்க, போட்டுப் பாத்துருவோம்” என்று தானே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில், பழைய பிளக்கில் செருகினார்.

சூடேறியது. வாசித்தேன். இனித்தது. போன தடவை இனித்தது போலவே, துளி குறையாமல்.

அதே ஆம்ப், அதே கிடார், அதே விரல். வால்வும் மாறவில்லை. மாறுவதற்கு மிச்சம் இருந்தது என் காது மட்டும்தான். ஓரிடத்தில் ஒன்று சொல்கிறது, இன்னோரிடத்தில் வேறொன்று சொல்கிறது. இனி அது சொல்லும் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வாசிப்பை நிறுத்தினால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்பதற்காக நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். மனப்பாடமாக வரும் ஒரு பழைய துண்டு. அதன் நடுவில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, விரலை அசைத்துக்கொண்டே நிற்கிற இடம் வரும். நின்றேன்.

நீட்டிப் பிடித்த அந்தச் சுரம் என் விரலுக்கடியிலேயே விறைத்தது. இளகி இருந்தது சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொண்டு குத்தியது.

“இப்ப என்ன பண்ணுனீங்க?” என்றேன்.

கணவர் எதைக் கேட்கிறாய் என்பது போல் பார்த்தார். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற, ஆம்பை விற்றவர், தான் அசையக்கூட இல்லையே என்றார். நான் கத்தினேன். இல்லை, யாரோ ஏதோ பண்ணியிருக்கிறார்கள், இப்போதுதான், இந்த நொடி மாறியது என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தலையில் குளுகுளுவென்று காற்றுப் பட்டது. அண்ணாந்து பார்த்தேன். அதுவரை எண்ணிவிடலாம் போல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் இறக்கைகள் வேகமெடுத்து ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன. வெளியே தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது.

விற்றவரும் அண்ணாந்து பார்த்தார். “த்ரீ பேஸ் போயிருச்சுக்கா. இனி சுத்துப்பட்டுல ஒரு மோட்டாரும் ஓடாது. பேன் இப்பத்தான் நல்லா சுத்தும்.”

பம்புசெட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் நாளில் சில மணி நேரம்தான் வரும், வந்தால் எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். வீடுகளுக்கு வருகிற வோல்டேஜ் விழுந்துவிடும். ஃபேன் ஊர்ந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு தடவையும் நான் அந்த நேரத்தில்தான் போயிருந்தேன். வால்வு ஆம்புக்குக் கரண்ட் குறைந்தால் குரல் இளகும் என்பதை நான் எங்கோ படித்துமிருக்கிறேன். வெளிநாட்டில் சில பேர் அதற்காகவே வோல்டேஜைக் குறைத்து வைத்து வாசிப்பார்களாம். படித்து என்ன புண்ணியம்? மோந்து பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், எர்த்துக்குப் பிரசங்கம் செய்தேன். தலைக்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய், வோல்டேஜை விழவே விடாத ஸ்டெபிலைசரில் மாட்டினேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஃபேன் வேகமெடுப்பதற்கு முன்னாலேயே, காற்று என் மேல் படுவதற்கு முன்னாலேயே, எனக்குக் கேட்டுவிட்டது. அறையில் இருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும். என் காது பொய் சொல்லவே இல்லை. அங்கேயும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, இங்கேயும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நம்பாதவள் நான்தான். கிடாரைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை வேர்வை என்று சொல்ல முடியவில்லை, காற்று நன்றாகவே வந்தது.

பாவம், அவர் பயந்துவிட்டார். வேண்டாம் என்றால் ஆம்பைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பதறி எழுந்து, அதற்குள் அதன் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். வால்வை மாற்றினீர்களா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “போங்கக்கா, இந்தக் கரண்ட நாங்களே தெனம் வையுறோம்” என்று சொல்லி, போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது சமயநல்லூரில் டீக்கு நிறுத்தினோம். டவுனில் எலெக்ட்ரிக்கல் கடையில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி கிடைக்கும், நாளைக்கே போக வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன். கணவர் ஊம் கொட்டிக்கொண்டு டீயை ஆற்றினார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதுகூட இனித்தது.

“எங்காது நல்லாத்தான் இருக்கு, தெரியுமா?” என்றேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அவர் கேட்டால் டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் கேட்கவில்லை. “வலது காது நல்லாத்தான் இருக்கு. இடது பக்கம் இருந்து கூப்புட்டாத்தான் நீ திரும்புறதில்ல” என்றார்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். போன மழைக்காலத்திலிருந்து என்றார். நான் டாக்டரிடம் போவதற்கே முன்னால். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வாயைத் திறந்தவள், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து நிறுத்திக்கொண்டேன். என் வலது பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேசைக்குப் போய், ஃபேனைப் போட்டு, அவர் மாறி உட்கார்ந்திருக்கிற, என் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே காற்று வரவே இல்லை.